ஒரே டப்பாவில் விழுந்த புளியங்கொட்டைகள்

"அவங்க சிரிச்சுட்டாங்கன்னா?"

"சிரிக்கட்டும் அம்மீ. சிரிச்சா நல்லதுதான்."

"தில்லியில இருந்து ரயிலேறி வர்றவங்க நம்ம புளியங்கொட்டையப் பார்த்துச் சிரிச்சா, அது நல்லதா? பெரிய பெரிய பிள்ளைங்கள ஒக்கார வெச்சு வெளையாட்டுக் காட்டறான்னு சொல்ல மாட்டாங்க?"

"வெளையாட்டு இல்ல. ஓட்டு."

"காலேஜுல எலெக்‌ஷனும் நடத்தறியா நீ? கையக் காட்டு."

அக்தர் பேகம் பச்சைத் துணியில் நாணயம் ஒன்றை வைத்து முடிந்து, மகளின் மேல்கையில் சுற்றிக் கட்டினாள். தூரப் பயணம் போகிறவர்களுக்குக் கட்டுகிற இமாம் ஜாமின்.

"இது ஊர் விட்டு ஊர் போறவங்களுக்குத்தான அம்மீ? நான் தர்மபுரிதான போறேன். சாயங்காலம் வூட்டுக்கு வந்துடுவேன்."

"போறது தர்மபுரிக்கு. காரியம் தில்லிக் காரியம். பேசாம கட்டிக்க."

நசீம் பானு பேசாமல் கட்டிக்கொண்டாள். 

காரிமங்கலத்தில் அவர்கள் வீட்டைத் தராசு பாய் வீடு என்றால்தான் தெரியும். அப்பா கவுஸ் பாஷா சந்தை சந்தையாகப் போய்த் தராசு பழுது பார்க்கிறவர். அவர் மகள் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்து, தர்மபுரிக்கு வெளியே இருக்கும் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். சேர்ந்த வேகத்திலேயே ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. ஜூலையில் முதல் வருஷ வகுப்பு நிரம்பி வழியும். பொங்கல் முடிந்து பார்த்தால் பாதி பெஞ்சு காலி. பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. இங்கிலீஷில் நோட்ஸ் சொல்லுவார்கள், எழுதிக்கொள்வார்கள். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரு நாள் சொல்லாமலே நின்றுவிடுவார்கள்.

அவள் சேருவதற்கு முன்பே அப்படி நின்றுபோனவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி அப்துல் ரஷீத்.

அதனால்தான் அவள் தில்லிக்கு எழுதினாள். கல்லூரிகளில் புது முறையில் அறிவியல் கற்பிக்க நிதி கொடுக்கும் குழு ஒன்று இருப்பதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, முதல் வருஷப் பிள்ளைகளுக்காகக் கேட்டாள். வகுப்பைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிக்க வேண்டும். குழுவுக்கு ஒரு தராசு, காந்தம், பல்பு, கம்பி வேண்டும். மூன்றாம் வருஷப் பிள்ளைகள் சம்பளம் வாங்கிக்கொண்டு முதல் வருஷத்தாருக்குச் சொல்லித்தர வேண்டும். மூன்று வருஷத்துக்கு. தில்லிக் குழு பதில் போட்டது: 'யாருமே முதல் வருஷத்துக்குப் பணம் கேட்பதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நேரில் வந்து ஒரு வகுப்பைப் பார்க்கிறோம்.'

அந்த வகுப்பு இன்றைக்கு. நிதி கிடைக்காவிட்டால் பழையபடி நோட்ஸ்தான் என்றும், தற்காலிக இடமும் புதுப்பிக்கப்படாது என்றும் பிரின்சிபால் பூசி மெழுகாமல் சொல்லியிருந்தார்.

"ஆபா, பஸ் வந்துடும்," என்று வாசலிலிருந்து ரஷீத் அக்காவைக் கூப்பிட்டான். தோளில் கோணிப்பை. உள்ளே தராசுகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. ஒரு வாரமாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தவன் இன்று மாப்பிள்ளை போலத் தலை வாரியிருந்தான்.

பஸ்ஸில் கண்டக்டர் கோணிப்பையைக் காலால் நெருடிப் பார்த்தார்.

"என்ன தம்பி, தராசெல்லாம் தர்மபுரிக்குப் போவுது?"

"காலேஜுக்குங்க."

"காலேஜுல என்னத்தப்பா நிறுக்கறாங்க?"

"மூளையங்க."

"அப்பச் சின்ன படிக்கல்லா எடுத்துட்டுப் போ. எம் பையனும் அங்கதான் படிக்கிறான்."

பஸ்ஸே சிரித்தது. நசீமுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே சோளக்காடுகளும் மொட்டைப் பாறைகளும் ஓடின. தில்லியிலிருந்து வருகிறவர்களை அவள் மனசுக்குள் பார்த்தாள். பனிமூட்டத்தில் நிற்கும் ரயில், கம்பளிக் கோட்டு, புகைவிடும் தேநீர்க் கோப்பை, மெல்லப் பேசும் மனிதர்கள். அவர்கள் இந்த வெயிலில் இறங்கி, பால்பவுடர் டப்பாவையும் புளியங்கொட்டையையும் பார்க்கப்போகிறார்கள்.

"ஆபா, பயப்படாத," என்றான் ரஷீத். "இன்னைக்கு யாரும் தப்பாச் சொல்ல மாட்டாங்க."

ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

கல்லூரி வாசலிலேயே சுண்ணாம்பு வாடை அடித்தது. இயற்பியல் கூடத்துக்கு அவசர அவசரமாக வெள்ளையடித்திருந்தார்கள். கண்ணாடி அலமாரிக்குள் வாங்கிய நாள் முதலாகத் தூங்கிக்கொண்டிருந்த பித்தளைக் கருவிகள் புளி போட்டுத் துலக்கப்பட்டு, மேஜை மேல் கல்யாணச் சீர்வரிசை மாதிரி நின்றன. பிரின்சிபால் மாதேஸ்வரன் அவற்றின் நடுவில் நின்றார்.

"மேடம், இதெல்லாம் முன்னால இருக்கட்டும். அந்த டப்பாங்கள மட்டும் கொஞ்சம் ஓரமா வெச்சுக்கலாமா?"

"டப்பாதாங்க சார் வகுப்பு."

"அதான் எனக்கும் வயித்தக் கலக்குது. நான் அன்னிக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன். கம்ப்யூட்டர் கேளுங்க, கம்ப்யூட்டர் கேளுங்கன்னு. பேப்பர்ல போட்டோவே வந்திருக்கும். நீங்க தராசு கேட்டிருக்கீங்க. அது சரி, இதென்ன கூடை?"

"தக்காளிங்க சார்," என்றான் பின்னாலிருந்து முனிராஜ். பாலக்கோட்டுக்காரன், முதல் வருஷம். "எங்க தோட்டத்துதுங்க. தில்லிக்காரங்களுக்குங்க."

"தில்லியில தக்காளி கெடைக்காதாடா?"

"நம்முளுது கெடைக்காதுங்களே சார்."

நசீம் கூடையை மேஜைக்கு அடியில் தள்ளினாள். கோணிப்பையை எடுத்துவரத் திரும்பியபோது ரஷீத் வாசற்படியிலேயே நின்றிருந்தான். பையை உள்ளே நீட்டினானே தவிர, காலை உள்ளே வைக்கவில்லை.

அவள் வற்புறுத்தவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கூடத்தில்தான் அது நடந்தது. அப்போதிருந்த விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்டார். ரஷீத் எழுந்து, தெரிந்த இங்கிலீஷில், தப்பாகச் சொன்னான். அவர் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு மேடையேற்றி, எல்லோரையும் பார்த்து மறுபடியும் சொல்லச் சொன்னார். சிரிப்பு அடங்கிய பிறகு, 'தராசுக் கடைக்கே போயிரு, அங்க முள்ளு மட்டும் ஒழுங்கா நின்னாப் போதும்' என்றார். மறுநாளிலிருந்து அவன் அப்பாவோடு சந்தைக்குப் போகத் தொடங்கினான்.

புளியங்கொட்டை பிறந்த கதையும் அதுதான். கொட்டைக்கு முகம் கிடையாது. நசீம் ஒரு கேள்வி கேட்பாள். 'ஏறும்', 'இறங்கும்', 'அசையாது' என்று எழுதிய மூன்று டப்பாக்களில் எதில் வேண்டுமானாலும் ஆளுக்கொரு கொட்டை போடலாம். யார் எதில் போட்டார்கள் என்று கேட்கக் கூடாது. போட்ட பிறகு சண்டை தொடங்கும். ஏன் ஏறும், ஏன் இறங்கும் என்று தொண்டை வறளக் கத்துவார்கள். அதற்கப்புறம்தான் தராசு. பெரும்பாலும் நிறையப் பேர் தப்பாகத்தான் போட்டிருப்பார்கள். அந்தத் தப்புதான் வகுப்பு. தப்பாகப் போட்டவனுக்குத்தான் தட்டு அசையும்போது கண் விரியும். விரிந்த கண்ணுக்குள் போனது வெளியே வராது.

இதைத்தான் தில்லிக்கும் எழுதியிருந்தாள்.

அம்பாசடர் கார் வந்து நின்றது. இறங்கியவர்களில் பெரியவர் நிஜமாகவே மெல்லப் பேசினார். கம்பளிக் கோட்டு இல்லை, வேர்த்துக் கொட்டியது. கூட வந்த அம்மாள் பெங்களூர்ப் பேராசிரியை. கதர்ப் புடவை, கன்னடம் கலந்த தமிழ்.

"பழக்கமா எப்படி நடத்துவீங்களோ அப்படியே நடத்தும்மா," என்றாள் அந்த அம்மாள். "நாங்க இல்லேன்னே நெனச்சுக்கோ."

நினைக்கிற காரியமா அது? பிரின்சிபால் அவர்களுக்குப் பின்னால் கைகட்டி நின்றார். பிள்ளைகள் எல்லோரும் வெள்ளைச் சட்டை. பாப்பாரப்பட்டிக் காசியம்மாள் உள்பட எல்லாப் பெண்களும் கனகாம்பரம்.

நசீம் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துத் தட்டில் நிறுத்தினாள். மறு தட்டில் படிக்கல் போட்டு முள்ளை நேராக்கினாள்.

"இப்ப என் வெரல இந்தத் தண்ணிக்குள்ள விடப்போறேன். டம்ளர எங்கயும் தொட மாட்டேன். தண்ணி இருக்கற தட்டு ஏறுமா, இறங்குமா, அப்படியே அசையாம நிக்குமா? யோசிங்க. போடுங்க."

வழக்கமாக இந்த இடத்தில் கூடம் சந்தைக்கடை ஆகிவிடும். 'டேய், உன் கொட்ட ஒத்தையாக் கெடக்குதுடா, பொண்ணு கெடைக்காத மாப்பிள்ள மாதிரி' என்று எவனாவது கத்துவான். இன்று அவர்கள் வரிசையாக எழுந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைக்குப் போகிற மாதிரி வந்தார்கள். முதல் கொட்டை 'இறங்கும்' டப்பாவில் விழுந்தது. டங். அடுத்ததும் அதில்தான். அதற்கடுத்ததும்.

நசீம் மற்ற இரண்டு டப்பாக்களையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பால்பவுடர் டப்பாவின் வெறும் அடி வெள்ளையாகப் பளபளத்தது. ஒரு கொட்டை, ஒரே ஒரு கொட்டையாவது விழாதா என்று அவள் வேண்டிக்கொண்டாள். விழவில்லை. கடைசிப் பிள்ளையும் 'இறங்கும்' டப்பாவில் போட்டுவிட்டு, மேடம் மெச்சிக்கொள்வாள் என்று நினைத்து அவளைப் பார்த்துச் சிரித்தது.

"ஏன் இறங்கும்?" தன் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது அவளுக்கு.

காசியம்மாள் சட்டென்று எழுந்தாள். "தண்ணி வெரலத் தாங்குதுங்க மேடம். தட்டு தண்ணியத் தாங்குது. வெரல் ஒதுக்குன தண்ணியோட எடை எவ்ளோவோ அவ்ளோ தட்டுக்கு ஏறுதுங்க."

'தண்ணி வெரலத் தாங்குது, தட்டு தண்ணியத் தாங்குது.' இன்றைய கேள்வியைத் தயார் செய்தபோது, சமையல்கட்டில் ரஷீத்துக்கு நசீமே சொன்ன வார்த்தைகள். ஓர் எழுத்துப் பிசகாமல் பாப்பாரப்பட்டிப் பெண்ணின் வாயிலிருந்து வந்தன.

நேற்று மாலை ரஷீத், பிள்ளைகள் தங்கும் கல்லூரி விடுதியில் தராசு ஒன்றை விட்டுவிட்டு வருகிறேன் என்று போனான். வர நேரமாயிற்று. தலை வாரல், பஸ்ஸில் சொன்ன ஆறுதல் எல்லாம் வரிசையாக வந்து, அந்தக் கொட்டைகள் மாதிரியே ஒரே டப்பாவில் விழுந்தன.

அவள் வாசலைப் பார்த்தாள். படிக்கு வெளியே நின்றிருந்த ரஷீத்தின் முகம் பெருநாள் காலை போல ஒளிவிட்டது. 'பார்த்தியா ஆபா?' என்பது மாதிரி கட்டைவிரலை மெல்ல உயர்த்திக் காட்டினான். அக்கா மேடையில் நிற்கும்போது எவனும் தப்பாகச் சொல்லி, எவரும் சிரித்து, அவள் தலை குனியக் கூடாது. அவ்வளவுதான் அவன் செய்தது. அவனுக்கு யாரும் செய்யாததை அவன் அவளுக்குச் செய்திருந்தான்.

கோபம் வந்தது. கோபத்துக்கு முன்னாலேயே அழுகை வந்து நின்றது. இரண்டையும் விழுங்கிவிட்டு விரலைத் தண்ணீருக்குள் விட்டாள். தட்டு இறங்கியது. யாருடைய கண்ணும் விரியவில்லை. கைதட்டினார்கள்.

தில்லிப் பெரியவர் முகம் மலர்ந்து பிரின்சிபாலிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிரின்சிபால் வளைந்து நெளிந்தார். "சாப்பாடு ரெடிங்க சார்," என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்கிற இடி.

பெங்களூர் அம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. காலியாகக் கிடந்த இரண்டு டப்பாக்களை எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, நீ எழுதினப்போ தப்புதான் வகுப்புன்னு எழுதினே. இங்க யாருமே தப்புப் பண்ணலையே. இவங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

 பிரின்சிபால் அவள் பக்கம் திரும்பிக் கண்ணாலேயே கும்பிட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நிதி, வேலை, ரஷீத்தின் பெருநாள் முகம் எல்லாம் மிஞ்சும். மேல்கையில் முடிச்சு உறுத்தியது.

"தெரியுங்க," என்றாள் நசீம். "யாரோ பாசத்துல சொல்லிக் குடுத்திருக்காங்க. அதனால நீங்க இப்பப் பார்த்தது என் வகுப்பு இல்லீங்க. நோட்ஸ்தான். புளியங்கொட்டையில எழுதின நோட்ஸ்."

பிரின்சிபாலிடமிருந்து இருமலா விக்கலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. வாசலைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

"இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கலாங்களா?"

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

என்ன கேள்வி? அவளுக்கே தெரியவில்லை. கை மேஜைக்கு அடியில் துழாவி, முனிராஜின் கூடையில் போய் முட்டியது. ஒரு தக்காளியை எடுத்தாள். தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில், அதே தட்டில் வைத்தாள். மறு தட்டில் படிக்கல்லைக் கூட்டி முள்ளை மறுபடி நேராக்கினாள்.

"தக்காளி இப்ப டம்ளருக்கு வெளியே இருக்குது. இதை எடுத்துத் தண்ணிக்குள்ளயே போட்டுட்டா? ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாது. தட்டு ஏறுமா, இறங்குமா, அசையாதா?"

யாரும் எழுந்திருக்கவில்லை.

விரல் விட்டால் இறங்கியதே, இதுவும் இறங்குமோ என்று சில முகங்களில் ஓடியது. தண்ணீரில் மிதந்தால் எடை குறையுமே, ஏறுமோ என்று சிலவற்றில். உள்ளங்கைக்குள் கொட்டைகள் வேர்த்தன. கொட்டைக்கு முகம் கிடையாதுதான். ஆனால் இன்று எல்லாக் கொட்டைக்கும் ஒரே முகம்: மேடத்தின் முகம். தான் போடுகிற தப்பு மேடத்தின் தலையில் போய் விழும் என்று ஒவ்வொருவரும் பயந்தார்கள். பிரின்சிபால் பெரியவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து கையைக் கீழே கீழே என்று காட்டினார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்து, மேலே காட்டினார்.

"முனிராஜ், உங்க தக்காளிதானப்பா. நீ போடேன்."

முனிராஜ் எழுந்தான். கால் மாற்றி நின்றான். அவன் கண் மெல்ல வாசல் பக்கம் போயிற்று. அது போன வழியே காசியம்மாளின் கண்ணும் போயிற்று. பிறகு பெஞ்சு பெஞ்சாக எல்லாத் தலைகளும் திரும்பின. கடைசியில் தில்லிப் பெரியவரும், பெங்களூர் அம்மாளும், கையைப் பாதி வழியில் நிறுத்திய பிரின்சிபாலும் அங்கேதான் பார்த்தார்கள்.

படிக்கு வெளியே ரஷீத். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. அவன் ஓர் அடி பின்னால் வைத்தான். அதற்குப் பின்னால் வராந்தா, வராந்தாவுக்குப் பின்னால் வெயில், வெயிலுக்குப் பின்னால் பஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் போன அதே வழி.

இந்தக் கேள்விக்கு அவனுக்கும் விடை தெரியாது. சமையல்கட்டில் அவனுக்கு அவள் தக்காளி பற்றிச் சொல்லியிருக்கவில்லை.

நசீம் மேடையை விட்டு இறங்கினாள். பெஞ்சுகளுக்கு நடுவே அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. எவன் முகத்தை மறைப்பதற்காக இந்தக் கொட்டையைக் கண்டுபிடித்தாளோ, அவனிடம் போய் என்ன கேட்கப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. கேட்கக் கூடாததுதான். ஆனால் இந்த ஊமைக் கூடத்தில் முதல் கொட்டையை யாராவது போட்டாக வேண்டும். தப்பாகப் போட்டாலும் இங்கே ஒருவன் தலை நிமிர்ந்து நிற்க முடியும் என்று இந்தப் பிள்ளைகள் ஒரு தடவை பார்த்தாக வேண்டும்.

வாசற்படிக்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள். அந்தப் பக்கம் அவன். 

"ஆபா, வேணாம்," என்றான், காற்றாக.

அவள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். நடுவில் ஒரே ஒரு புளியங்கொட்டை, கறுப்பாக மினுங்கியது.

"எனக்கும் பயமாத்தான்டா இருக்குது," என்றாள் அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். பிறகு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"தப்பா இருந்தாலும் பரவாயில்ல ரஷீத். உள்ள வந்து, மொதல் கொட்டைய நீ போடேன்."